செவ்வாய்க்கிழமையின் காற்று

புன்டா அரேனஸில் எதற்கும் காற்றைச் சொல்லலாம்.
தாமதத்துக்கு, கலைந்த தலைக்கு,
பறந்துபோன குடைக்கு, வராத கப்பலுக்கு.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.

நான் கப்பல் முகவர் அலுவலகத்தில்
எட்டு மாதமாகத் தகுதிகாண் பருவத்தில் இருப்பவன்.
காலை ஏழரைக்குத் துறைமுகத்துக்கு போன் போட்டு
காற்றின் வேகம் கேட்டுப்
பச்சை அட்டை நோட்டில் எழுதுவது முதல் வேலை.
இரண்டாவது, மேலாளர் உர்சூவாவின் காபி.
மூன்றாவது, அவர் மகளுடைய வரலாற்றுக் கட்டுரை.
பிரெஞ்சுப் புரட்சிக்கு
ஏழுக்கு ஆறு வாங்கிக் கொடுத்தேன்.
மீதி ஒன்று எங்கே என்று கேட்டார்.

கோபம் வந்தால் அவர் முதலில்
மேசையை ஒழுங்குபடுத்துவார்.
பேனா, அளவுகோல், முத்திரைக் கட்டை,
எல்லாம் ஒரே கோட்டில்.
கோடு நேரானதும்
நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வோம்.

செவ்வாய்க்கிழமை எலியானா கட்ரிலெயோ
சரக்குப் பட்டியலில் தேதியை மாற்ற முடியாது என்றாள்.
குரலை உயர்த்தவில்லை.
'மாட்டேன், ஐயா.'
அந்த ஐயாவைக்கூட விடவில்லை.

முத்திரைக் கட்டை பறந்தது.
அவள் கண்ணாடி தரையில் இரண்டு துண்டு.
புருவத்தில் ஒரு கோடு,
முதலில் வெள்ளையாக, அப்புறம் சிவப்பாக.
நாலு பேர் நாலு திரையைப் பார்த்தோம்.
பிரிண்டர் மட்டும்
யாருக்கோ ஏதோ அச்சடித்துக்கொண்டிருந்தது.
அவளே குனிந்து பொறுக்கிக்கொண்டு
கோட்டை மாட்டிக்கொண்டு போனாள்.

மாலை விபத்துப் பதிவேட்டை என்னிடம் தந்தார்கள்.
கையெழுத்து நன்றாக இருக்குமாம்.
'மேலாளர் உடைத்தார்' என்று எழுதினேன்.
தைரியம் ஒன்றுமில்லை,
வாக்கியம் அப்படித்தான் வந்தது.

உர்சூவா படித்தார். கத்தவில்லை.
தோளில் கை வைத்தார்,
சந்தையில் பூசணிக்காயைத் தட்டிப் பார்ப்பவர் மாதிரி.
'உடைந்தது என்று எழுது, தம்பி.
காற்றில் கதவு அடித்தது, கண்ணாடி உடைந்தது.
அடுத்த மாதம் உன் நியமனக் கடிதம்
என் மேசைக்குத்தானே வரும்.'

ஒரு மெய்யை எடுத்து
ஒரு மெய்யை வைத்தேன்.
ஆள் போய் அது வந்தது.
இலக்கணத்தில் பிழையே இல்லை.
கீழே, சாட்சி என்ற இடத்தில்,
ஃபவியோ ஓயார்சோ.
கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது.

அன்றிரவு வீட்டுக்குப் போகையில்
பழக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.
ஒரு இலைகூட அசையவில்லை.
எதிரே நாயோடு வந்தவர்
என்னைக் குடிகாரன் என்று நினைத்து
சாலையின் மறுபக்கம் போனார்.

வெள்ளிக்கிழமை எலியானா வந்தாள்.
மூக்குக்கு மேல் பிளாஸ்திரி சுற்றிய கண்ணாடி,
வலது வட்டத்தில் சில்லு இல்லை.
பதிவேட்டை ஒற்றைக் கண்ணால் படித்தாள்.
இரண்டு முறை.

என் மேசைக்கு வந்தாள்.
ஏன் எழுதினாய் என்று கேட்பாள்,
அம்மாவின் மருந்துச் செலவைச் சொல்லலாம் என்று
வைத்திருந்தேன்.
அவள் கேட்டது அது இல்லை.

'செவ்வாய்க்கிழமை காற்று எவ்வளவு?'

பச்சை நோட்டு கைக்கெட்டும் தூரத்தில்.
அந்தப் பக்கத்தில் யாரும் கை வைக்கவில்லை.
யாருக்கும் அது ஞாபகமே இல்லை, எனக்கும்.
வருஷத்தில் நாலைந்து நாள்தான் அப்படி அமையும்.
துறைமுகத்து ஆள் சிரித்துக்கொண்டே சொன்னான்:
இன்றைக்குக் கடல் தூங்குகிறது, எழுதிக்கொள்.
மணிக்கு இரண்டு கடல்மைல்.
மெழுகுவர்த்திகூட அணையாது.

உர்சூவாவின் கதவு திறந்திருந்தது.
உள்ளே பேனா நகரும் சத்தம்.
அளவுகோல் நகரும் சத்தம்.

'இரண்டு' என்றேன்.

'கேட்கவில்லை' என்றாள் எலியானா,
அடுத்த அறையில் குண்டூசி விழுந்தாலும்
திரும்பிப் பார்ப்பவள்.